கலப்பை நுழையாத கல்லறை

அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில், கிழக்குப் பகுதிக் கிராமத்துக் கல்லறைகளில் பழைய கற்களைச் சீர்செய்யும் குழுவில் வேலை பார்த்தேன். 1830களிலிருந்து அங்கே வந்து நிலம் பிடித்த குடும்பங்கள் நட்ட கற்கள் பெரும்பாலும் பளிங்கு. மழை அரித்து அரித்து மேற்பரப்பு சர்க்கரை போலப் பொரபொரத்துவிடும். கம்பி பிரஷ் போட்டால் மிச்சமிருக்கும் எழுத்தும் போய்விடும். தண்ணீர், மென்மையான பிரஷ், மரக்குச்சி, அவ்வளவுதான். ப்ளீச் கூடவே கூடாது. அதன் உப்பு கல்லுக்குள் இறங்கி உள்ளிருந்தே உடைக்கும்.

துடைக்கத் துடைக்கத் தெரிய வருபவை பல இடங்களில் குழந்தைகளின் பெயர்கள். மேலே ஒரு ஆட்டுக்குட்டி செதுக்கியிருக்கும். வாழ்ந்த காலத்தை வருடம், மாதம், நாள் என்று கணக்குப் பார்த்துப் பொறித்திருப்பார்கள். அந்த வரி வந்தால் என் கை கொஞ்சம் நின்றுவிடும்.

சீடர் கவுண்டியில் உள்ள ரோச்செஸ்டர் கல்லறை எனக்கு வேறொன்றையும் காட்டியது. சுமார் 13 ஏக்கர், மேடும் பள்ளமுமான மணல் நிலம், வயதான வெள்ளை ஓக் மரங்கள். ஐயோவாவில் முக்கால்வாசி நிலம் ஒருகாலத்தில் உயரப் புல் வளர்ந்த பிரெய்ரி. எஃகுக் கலப்பை வந்தது, சதுப்பு நிலங்களில் வடிகால் போட்டார்கள், எல்லாம் சோளமும் சோயாவுமாக மாறிவிட்டது. இன்று அந்தப் புல்வெளியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிச்சமில்லை. புதைத்த இடத்தை மட்டும் யாரும் உழவில்லை. அதனால் இந்த ஒரு கல்லறைக்குள் 400க்கும் மேற்பட்ட தாவர வகைகள் பிழைத்திருக்கின்றன. மே மாதத்தில் கற்களுக்கு நடுவே ஷூட்டிங் ஸ்டார் பூக்கள், இதழ்களைப் பின்னால் மடக்கிக்கொண்டு நிற்கும். குடியேறியவர்கள் முதன்முதலில் பார்த்த நிலம் இப்படித்தான் இருந்திருக்கும்.

இப்படிப்பட்ட இடங்களில் புல்லை வெட்டுவதா விடுவதா என்பதில் சண்டை வராமல் இருப்பதில்லை. தாத்தா பாட்டி படுத்திருக்கும் இடம் புதர் மண்டிக் கிடப்பது சொந்தக்காரர்களுக்கு வலிக்கும். அது நியாயமான வலிதான். ஆனால் கல்வேலை செய்தவனாக ஒன்று சொல்வேன்: நாங்கள் ஒட்டிய கற்களில் பல, அடிப்பாகத்தில் புல்வெட்டும் இயந்திரம் இடித்துச் சில்லு பெயர்ந்தவை. அடிக்கடி வெட்டினால் பூ விதைக்கு வராது, கல்லும் தாங்காது. சரி, என்ன செய்யலாம் என்று கேட்பவர்களிடம், கல்லைச் சுற்றி ஒரு முழத்துக்குக் கைக்கத்தரியால் வெட்டுங்கள், மற்றதை விதை உதிரும்வரை விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்லி வந்தேன்.