டின்மீன் டின்னில் ஸ்பிரிட் நெருப்பு: காம்பராவை விடுங்கள், தண்ணீரைச் சூடாக்குங்கள்

ஒரு வெறும் தகர டின். அதற்குள், நடுவிலிருக்கும் அட்டைக் குழாயை உருவிவிட்டு அமுக்கிச் செருகிய ஒரு டாய்லட் பேப்பர் ரோல், அது ஊறும் வரை ஸ்பிரிட். பற்றவைத்தால் எரிகிறது, அவ்வளவுதான் சாமான். அமெரிக்காவில் பனி கொட்டுகிற மாநிலங்களில், நடுவழியில் கார் சிக்கிக்கொண்டால் குளிர்காய உதவுமே என்று இதைச் செய்து டிக்கியில் போட்டு வைப்பவர்கள் இருக்கிறார்கள். 2025 நவம்பர் கடைசியில் இலங்கையில் டித்வா புயல் வந்து, மண் சரிந்து, ரோடும் கரண்டும் போய், ஈரத்துணியோடு சனங்கள் பள்ளிக்கூடத்திலும் கோயிலிலும் படுத்துக் கிடந்த பிறகு, நம்ம நுவரெலியா, பதுளைப் பக்கத்திலும் இதைப் பற்றி விசாரிப்பவர்கள் கூடிவிட்டார்கள். இதை வைத்துக் காம்பராவை, அதாவது லயத்து வீட்டு அறையை, சூடாக்கலாமா என்று என்னிடமும் கேட்டார்கள். செய்து பார்த்தேன், கொஞ்சம் கணக்கும் போட்டேன். அடுப்பாக நல்ல சாமான், ஹீட்டராக உதவாது.

எரிவது பேப்பர் இல்லை, ஸ்பிரிட்டின் ஆவி. பேப்பர் வெறும் திரிதான். ஸ்பிரிட்டில் இருக்கிற மதுசாரமான எத்தனோல் 78 பாகையில் கொதிப்பதால், ஸ்பிரிட்டில் நனைந்திருக்கும் வரை திரி அதற்கு மேல் அவ்வளவாகச் சூடேறாது, அதனால் கருகாது. ஸ்பிரிட் வற்றும்போதுதான் ஓரம் கருகிப் புகை வரும், அது அணைக்க வேண்டிய நேரம். சரி, தோட்டத்து வீட்டில் டாய்லட் பேப்பருக்கு எங்கே போவது? தேவையே இல்லை. பஞ்சு போதும், பழைய பருத்தி வேட்டியைக் கிழித்துச் சுருட்டினாலும் போதும். நைலோன், பொலியெஸ்டர் துணி மட்டும் வேண்டாம், உருகி ஒழுகும். டின்னுக்கு 425 கிராம் டின்மீன் டின் அளவான ஒன்று. லேபலைக் கிழித்துவிட்டு, நன்றாகக் கழுவி, ஓட்டை இல்லை என்று தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிடுங்கள்.

ஸ்பிரிட் என்றால் பார்மசியில் விற்கிற சர்ஜிகல் ஸ்பிரிட். கொரோனா காலத்தில் வாங்கிக் குவித்த 70 சதவீத மதுசாரம் உள்ள கை கழுவும் திரவமும் எரியும், ஆனால் மிச்சம் பெரும்பாலும் தண்ணீர்தானே, கடைசியில் திரி நனைந்து நின்றுவிடும். சாராயம் ஊற்றலாமா என்று ஒரு மாமா ஆர்வமாகக் கேட்டார். அதில் மதுசாரம் மூன்றில் ஒரு பங்குதான், நம்ம குளிருக்கு அது பற்றவே அடம்பிடிக்கும், வீண் செலவு. பெற்றோல், தின்னர் பக்கமே போகவேண்டாம், அவற்றின் ஆவி குப்பென்று பிடித்துக்கொள்ளும்.

இப்போது கணக்கு. ஒரு லீற்றர் எத்தனோலை முழுசாக எரித்தால் கிடைக்கிற சூடு, கரண்ட் பில் பாஷையில் கிட்டத்தட்ட 6 யூனிட். மண்ணெண்ணெய் என்றால் 10 யூனிட்டுக்குக் கிட்ட வரும். இந்த டின் ஒரு மணித்தியாலத்துக்கு 100 மில்லி குடிக்கிறது என்று வைத்தால் சுமார் 600 வாட், அதாவது சின்ன கரண்ட் ஹீட்டரில் பாதி. கதவு ஜன்னல் இறுக்கமான காருக்குள் அது பெரிய விஷயம். லயத்துக் காம்பராவில்? கூரை தகரம், சுவருக்கும் தகரத்துக்கும் நடுவில் கை நுழைகிற சந்து. சூடு நேராக மேலே போய் தகரத்தைத் தடவிவிட்டு வெளியே போகிறது. பக்கத்தில் குந்தினால் கை காயலாம், மூலையில் படுத்திருக்கிற அம்மாயிக்கு ஒன்றும் போய்ச் சேராது.

அப்படியானால் அந்தச் சந்துகளை எல்லாம் சாக்கு வைத்து அடைத்துவிடுவோம் என்று தோன்றும். அங்கேதான் ஆபத்து. காற்று போதுமான அளவு இருந்தால் எத்தனோல் எரிந்து கரியமில வாயுவும் நீராவியுமாகப் போகும், காற்று குறையக் குறைய காபன் மொனொக்சைட்டும் சேரும், அதற்கு மணமும் இல்லை நிறமும் இல்லை. நீராவியும் லேசுப்பட்டதில்லை: ஒரு லீற்றர் எரிந்தால் ஏறக்குறைய 900 மில்லி தண்ணீர் காம்பராவுக்குள் வந்து சேரும். ஏற்கனவே மாசக்கணக்கில் மூடுபனி, கொடியில் போட்ட துணி காயாமல் நாறுகிற ஊரில் இது சுவரில் வடியும். கரியைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். கவ்வாத்து மலையில் பொறுக்கின மிலாறை, அதாவது வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சியை, எரித்து, அந்தக் கங்கைச் சட்டியில் அள்ளிக் கொண்டுவந்து, கதவைச் சாத்திக்கொண்டு படுக்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது. ஸ்பிரிட் டின்னைவிட அது பல மடங்கு மோசம். புகை இல்லாததால் பயமில்லை என்று நினைக்கிறோம், ஆளைக் கொல்கிற வாயு அந்தக் கங்கிலிருந்துதான் அதிகம் வரும்.

அதனால் நான் சொல்வது, இருக்கிற கொஞ்ச ஸ்பிரிட்டைத் தண்ணீருக்குச் செலவழியுங்கள். டின்னைச் சுற்றி மூன்று கல், டின் வாய்க்கும் சட்டிக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி, சட்டிக்கு மூடி. இஸ்தோப்பில் (வீட்டு முன் திண்ணையில்) காற்று அடிக்காத மூலையில் வைத்தால் 50, 60 மில்லியில் ஒரு லீற்றர் தண்ணீர் கொதிக்க வந்துவிடும். பாதி தேத்தண்ணிக்கு. மீதியைக் கொஞ்சம் ஆறவிட்டு ரப்பர் பையிலோ எவர்சில்வர் போத்தலிலோ ஊற்றி, துவாயில் சுற்றி, கம்பளிக்குள் வயிற்றோடு அணைத்துக்கொண்டால் சூடு போகவேண்டிய இடத்துக்கே போகிறது. சோடா வருகிற பிளாஸ்டிக் போத்தலில் கொதிதண்ணீர் ஊற்றினால் சுருங்கிவிடும், கவனம். பச்சைப்பிள்ளைக்கும் உணர்ச்சி குறைந்த வயசாளிக்கும் தோலோடு ஒட்டி வைக்கவே கூடாது. இதற்கெல்லாம் முன்னால் ஈரத்துணியைக் கழற்றிவிட்டு, சீமெந்துத் தரைக்கு மேல் அட்டைப் பெட்டியையோ படங்கையோ விரிக்க வேண்டும், ஏனென்றால் தரை உறிஞ்சுகிற சூட்டை எந்த டின்னாலும் ஈடுகட்ட முடியாது.

இனி, இதில் ஆட்கள் உண்மையிலேயே கருகுகிற இடம்: எரிகிற டின்னுக்கு மேலும் ஸ்பிரிட் ஊற்றுவது. ஸ்பிரிட் சுவாலை வெளிர்நீலம், பகலில் கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்துப் போத்தலைச் சாய்த்தால் போத்தலுக்குள் இருக்கிற ஆவி பிடித்து, எரிகிற ஸ்பிரிட் எதிரே இருப்பவர் மேல் பீய்ச்சி அடிக்கும். ஊற்றியவரைவிட எதிரே இருந்த பிள்ளைக்குத்தான் அடி அதிகம். பள்ளிக்கூட ஆய்வுகூடங்களிலேயே இப்படி நடந்திருக்கிறது. மேசையில் வைத்து ஸ்பிரிட் எரிக்கிற அலங்கார அடுப்புகளை, பாதுகாப்புத் தரத்துக்குள் வராதவற்றைப் பாவிப்பதை நிறுத்துங்கள் என்று அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணைக்குழு 2024 டிசம்பரில் எச்சரித்ததும் இதனால்தான். காசு கொடுத்து வாங்கிய சாமானுக்கே அப்படி என்றால் நம்ம டின்மீன் டின்னை என்னவென்று சொல்வது. தட்டால் மூடி அணைத்து, டின்னை வெறும் கையால் தொட முடிகிற அளவு ஆறிய பிறகுதான் அடுத்த ஊற்று. ஒரு சிட்டிகை உப்பைத் திரியில் தூவிவிட்டால் சுவாலை மஞ்சளாகிக் கொஞ்சம் கண்ணுக்குத் தெரியும். தூங்கப்போகும்போது எரியக் கூடாது, மண்ணெண்ணெய் விளக்குக்குப் பக்கத்தில் வைத்து நிரப்பவும் கூடாது.

ஸ்பிரிட் போத்தலை எங்கே வைப்பது என்பது நம்ம வீடுகளில் தனிப் பிரச்சினை. சில ஸ்பிரிட்டில் மெதனோல் கலந்திருக்கும், கொஞ்சம் உள்ளே போனாலே கண் பார்வை போகும், உயிரும் போகும். கசிப்பே (கள்ளச்சாராயமே) குடிக்கிற ஆள் இருக்கிற வீட்டில் லேபல் ஒட்டி எல்லாம் பிரயோசனமில்லை, பூட்டுப் போட்ட பெட்டிதான், சாவி அம்மாவிடம்.