டன்விச்: கரைந்த ஊரும் கரையாத உரிமையும்

டார்ஷம் ரயில் நிலையத்திலிருந்து என்னை ஏற்றி வந்த டாக்சி ஓட்டுநர், எழுத்தில்தான் ‘டன்விச்’, வாயில் ‘டன்னிச்’ என்று திருத்தினார். இங்கிலாந்தின் சஃபோக் கடலோரத்தில், ஒரு மதுவிடுதியும் ஒரு தேவாலயமும் சில வீடுகளுமாக இருக்கும் இவ்வூர், 1199இல் ஜான் மன்னரிடம் நகர உரிமைப் பட்டயம் பெற்ற துறைமுகம் என்பதை அங்கே நின்று பார்க்கையில் நம்ப முடியவில்லை.

1286இல் வீசிய புயல் நகரின் ஒரு பகுதியைக் கொண்டுபோனது. 1328இல் வந்த புயல் துறைமுக வாயிலைக் கூழாங்கற்களால் அடைத்தது. என் கணிப்பில் இரண்டாவதுதான் பெரிய அடி. வீட்டை மேட்டில் மறுபடி கட்டிக்கொள்ளலாம். கப்பல் நுழைய முடியாத துறைமுகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கடல் அத்துடன் நிற்கவில்லை. குன்றின் விளிம்பிலிருந்த ஆல் செயின்ட்ஸ் தேவாலயம் 1904 முதல் சிறிது சிறிதாகச் சரிந்து, 1919இல் கோபுரமும் விழுந்தது. மிஞ்சிய ஒரு முட்டுச்சுவர், சக்கிமுக்கிக் கற்கள் பதித்த பக்கம் வெளியே தெரிய, இன்று செயின்ட் ஜேம்ஸ் தேவாலய வளாகத்தில் நிற்கிறது.

நிலம் போனாலும் உரிமை போகவில்லை. மான்செஸ்டர் போன்ற தொழில் நகருக்கே தனி உறுப்பினர் இல்லாத காலத்தில், முப்பத்துச் சொச்சம் வாக்காளர்களை வைத்துக்கொண்டு டன்விச் நாடாளுமன்றத்துக்கு இருவரை அனுப்பியது. அவர்கள் யார் என்பதை நிலப்பிரபுக் குடும்பங்களே தீர்மானித்தன. 1832ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் தொகுதியை ஒழித்தது. ஆயினும் நகராட்சி மட்டும், ஆள நகரம் இல்லாமலேயே, 1886 வரை நீடித்தது.

இப்போது இங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி மன்றம்கூடக் கிடையாது. அதற்குப் பதிலாக ‘பேரிஷ் மீட்டிங்’ என்னும் ஊர்க்கூட்டம் இருக்கிறது. பட்டியலில் பெயருள்ள ஒவ்வொரு வாக்காளரும் அதில் நேரடியாகப் பேசலாம், கை தூக்கலாம். ஆண்டுக்கூட்டம் மார்ச் 1க்கும் ஜூன் 1க்கும் இடையே நடந்தாக வேண்டும் என்பது சட்டம். சாலை, பள்ளி போன்றவை கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) மன்றத்தின் பொறுப்பு. கரைப் பாதுகாப்பு, 2019இல் இரண்டு மன்றங்களை இணைத்து உருவான கிழக்கு சஃபோக் மன்றத்தின் கையில் இருக்கிறது.

மாலையில் கரைக்கு இறங்கினேன். காலடியில் கூழாங்கற்கள் நெறுநெறுத்தன. குன்றின் முகத்திலிருந்து ஒரு பிடி மணல் தானாகச் சரிந்து அவற்றின் மேல் விழுந்தது.