எல்லையோரப் பள்ளிச் சோறும் அதன் கணக்கும்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பிள்ளைகள் தமிழ்வழியில் படித்தாலும், மதியச் சோறு கேரள அரசின் நடைமுறைப்படியே பரிமாறப்படுகிறது. தொடக்க வகுப்புப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 100 கிராம் அரிசி, 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய்கறி என்பது மத்திய அரசு வகுத்த அளவு. ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை அது 150, 30, 75 ஆக உயர்கிறது.

பொறுப்புதான் வேறுபடுகிறது. தமிழ்நாட்டில் சத்துணவுக்கென்றே அமைப்பாளர் ஒருவர் இருக்க, இங்கே அரிசி இருப்பு முதல் காய்கறி ரசீது வரை தலைமையாசிரியரே பார்க்க வேண்டியிருப்பதால், பாடம் நடத்த வேண்டியவர் கணக்கெழுதியே களைத்துப்போகிறார். இது நியாயமான ஏற்பாடாக எனக்குத் தோன்றவில்லை.

பரிமாறும் முன் குறைந்தது ஓர் ஆசிரியராவது உணவைச் சுவைத்துப் பார்க்க வேண்டும். அண்டாவிலிருந்து ஒரு கரண்டி சாம்பாரைத் தட்டில் வாங்கி, சுவைத்து, பதிவேட்டில் கையொப்பமிடுகிறார்கள். (உப்பு குறைவு என்று அதில் எழுதியவரை நான் கண்டதில்லை.)

மத்திய அரசின் 2015ஆம் ஆண்டு மதிய உணவு விதிகளின்படி, தானியமோ எரிபொருளோ சமையலரோ இல்லாமல் பள்ளி நாளில் உணவு தடைப்பட்டால், அதற்கான உணவுப் பாதுகாப்புப் படியை (அந்த உணவுக்கு ஈடான தானியத்தையும் சமையல் செலவுத் தொகையையும்) மாநில அரசு அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் பிள்ளைகளுக்கு வழங்க வேண்டும். பெற்றோர் கூட்டத்தில் இதை யாரும் கேட்பதில்லை.