மார்கழி உதை

காலை ஐந்தரை. பிள்ளையார்பட்டிக்குக் கிளம்பி கானாடுகாத்தான் தெருமுனைகூடத் திரும்பவில்லை. இரண்டாவது கியருக்கு மாறும்போது வண்டி 'டொக்'கென்று உதைத்தது. ஆட்டோமேட்டிக்காம்!

பின்சீட்டில் ஆச்சி: "தேங்காயெண்ணெயே பாட்டில்ல உறைஞ்சு கெடக்கு. ஒன் வண்டி மட்டும் என்ன செய்யும்?"

சிரித்துவிட்டேன். ஆனால் விஷயம் கிட்டத்தட்ட அதேதான்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில், உள்ளே கியரை இணைக்கும் கிளட்சைப் பிடிக்க வைப்பதே ஆயிலின் அழுத்தம். குளிரில் ஆயில் கெட்டிப்பட்டு மெதுவாக ஓடும், பிடிப்பு தாமதமாகும், பிறகு வெடுக்கென்று பிடிக்கும். தேங்காயெண்ணெய் 24 டிகிரியிலேயே உறையும். கியர்பாக்ஸ் ஆயில் அப்படி உறையாது, தடிக்கும், அவ்வளவுதான்.

குன்றக்குடி மலை தெரிவதற்குள் வண்டி சாதுவாகிவிட்டது.

திரும்பும்போது காரைக்குடி மெக்கானிக் கியர்பாக்ஸ் ஆயில் பார்க்கும் குச்சியை உருவி, துணியில் துடைத்துக் காட்டினார். சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில், கடுங்காப்பி நிறம்.

"நம்ம ஊர்க் குளிரெல்லாம் ஒரு குளிராண்ணே? ஆயில் எப்ப மாத்துனீங்க?"

எண்பதாயிரம் கிலோமீட்டர். ஒருதடவைகூட இல்லை.

ஆச்சி தலைக்கு எண்ணெய் வைக்க ஒருநாளும் தவறியதில்லை.