சின்ன உப்புநீர்த் தொட்டிக்குச் சண்டைக்கார மீன்: எதை எடுக்கலாம், எதை விடலாம்

மூன்று வெள்ளைப் புள்ளிகளோடு கன்னங்கரேலென்று நிற்கும் டாமினோ டேம்சல் குட்டியைப் பார்த்தால் யாருக்கும் வாங்கத் தோன்றும். கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். அதுவே வளர்ந்தால் 14 செ.மீ. வரை போகும். புள்ளிகள் மங்கி, கறுப்பும் சாம்பலாகிவிடும். 100 லிட்டர் தொட்டியில் வேறு எந்த மீனையும் நிம்மதியாக இரை எடுக்க விடாது. உடம்பு உறுதியான மீன் என்பதால் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இதைத்தான் கையில் கொடுக்கிறார்கள். அது எளிதில் சாகாது என்பது உண்மைதான். கூட இருப்பவைதான் துடுப்பு கிழிந்து ஒவ்வொன்றாகப் போகும்.

எனவே 75 முதல் 120 லிட்டர் வரையிலான தொட்டிக்கு மீன் பார்க்கும்போது, முழுதாக வளர்ந்தால் எவ்வளவு நீளம் வரும், அப்போது எவ்வளவு இடத்தைத் தன்னுடையதாக நினைக்கும் என்பதை முதலில் விசாரியுங்கள். இந்த மீன்களில் பெரும்பாலானவை தங்கள் எல்லையைக் காக்கத்தான் துரத்துகின்றன. கடலில் துரத்தப்பட்ட மீன் இரண்டு மீட்டர் தள்ளிப் போய்விட்டால் விவகாரம் முடிந்தது. 60 செ.மீ. நீளக் கண்ணாடிக்குள் தள்ளிப்போக இடமில்லாததால் துரத்தல் நிற்பதே இல்லை. சின்னத் தொட்டியில் ஒரே ஒரு சண்டைக்கார மீனை முக்கியமானதாக வைத்து, மற்றதையெல்லாம் அதற்கேற்ப அமைப்பதுதான் சரி. பராமரிப்பு குறைவதற்கும் அதுதான் வழி. மீன் குறைந்தால் கழிவு குறையும், அதிலிருந்து உண்டாகித் தண்ணீரில் சேரும் நைட்ரேட் மெதுவாக ஏறும்.

என் முதல் தேர்வு நியான் டாட்டிபேக். ஆரஞ்சு உடம்பில் நீலக் கோடுகள், 8 முதல் 10 செ.மீ. நீளம். தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யப்பட்ட குஞ்சுகள் கிடைக்கின்றன. அவை குருணைத் தீவனத்தை முதல் நாளிலிருந்தே எடுக்கும், கடலில் பிடித்தவற்றைவிட நோய் குறைவு. பாறை இடுக்கில் இருக்கும் முள்புழுக்களையும் பிடித்துத் தின்னும். சின்ன அலங்கார இறால்களையும் விடாது. ஒரே தொட்டியில் இரண்டு டாட்டிபேக் வேண்டாம். இவ்வளவு முரட்டுத்தனம் வேண்டாம் என்றால் ஆர்க்கிட் டாட்டிபேக் எடுக்கலாம். செங்கடலைச் சேர்ந்தது, உடம்பு முழுக்க ஊதா, இந்த இனத்தில் சாதுவானது.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி நடக்கிறது. முன்பாதி ஊதா, பின்பாதி மஞ்சள் என்று இரண்டு மீன்கள் உண்டு. ஒன்று கரீபியக் கடலின் ராயல் கிராமா, அமைதியானது. மற்றது ராயல் டாட்டிபேக், தன்னைவிடப் பெரிய மீனையும் தாக்கும். நிறம் மாறும் இடத்தை உற்றுப் பாருங்கள். கிராமாவில் ஊதா சிறுசிறு புள்ளிகளாகச் சிதறி மஞ்சளோடு கலக்கும், முதுகுத் துடுப்பின் முன்புறம் ஒரு கரும்பொட்டு இருக்கும். டாட்டிபேக்கில் கத்தியால் வெட்டியதுபோல் நேர்கோடாக நிறம் மாறும், துடுப்புகள் நிறமில்லாமல் கண்ணாடிபோல் இருக்கும்.

ஃபால்கோ ஹாக்ஃபிஷ் 7 செ.மீ., ஃபிளேம் ஹாக்ஃபிஷ் 9 செ.மீ. இவற்றுக்குக் காற்றுப்பை கிடையாது. நீந்துவதைவிடப் பாறைமேல் உட்கார்ந்து கண்களை உருட்டிக்கொண்டிருப்பதுதான் அதிகம். அதனால் சின்ன இடம் போதும். நன்றாகத் தாக்குப்பிடிக்கும், எதைப் போட்டாலும் தின்னும். இறாலும் தன் வாய்க்குள் அடங்கும் மீனும் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

சிக்ஸ்லைன் ராஸ் ஓயாமல் பாறை இடுக்குகளைத் துழாவிக்கொண்டிருக்கும், தட்டைப்புழுக்களைப் பொறுக்கித் தின்னும். பிறகு வருகிற சிறு மீனை இரக்கமில்லாமல் விரட்டும் என்பதால் இதைக் கடைசியாகத்தான் விட வேண்டும். இரவில் தன்னைச் சுற்றி மெல்லிய சளிப்படலம் கட்டிக்கொண்டு தூங்கும். அது நோயல்ல, பயந்துபோய் மருந்து ஊற்ற வேண்டாம்.

மரூன் கிளவுன் வேண்டுமானால் தொட்டி 120 லிட்டருக்குக் குறையக் கூடாது. பெண் 15 செ.மீ. தாண்டும். ஜோடியாக வைப்பதென்றால் ஒன்று பெரிது, ஒன்று மிகச் சிறிது என்று எடுங்கள். பெரியது பெண்ணாகி, சிறியது ஆணாகவே அடங்கி இருக்கும். ஒரே அளவில் இரண்டு என்றால் சாகும்வரை அடித்துக்கொள்ளும். இதன் கன்னத்தில் முள் உண்டு, வலையில் மாட்டிக் கிழியும். டப்பாவால்தான் பிடிக்க வேண்டும். கடலில் இது குடியிருக்கும் பூப்போன்ற உயிரியான கடல் அனிமோன் இல்லாமலும் நன்றாக வாழும்.

ஃபஸ்ஸி டுவார்ஃப் லயன்ஃபிஷ் 17 செ.மீ. வரை வளரும், 120 லிட்டரில் தனியாக ஒன்று வைக்கலாம். வாரம் இரண்டு மூன்று முறை இரை போதும். உயிர்மீன் கொடுத்துப் பழக்க வேண்டாம். தங்கமீனில் உள்ள தயாமினேஸ் என்ற நொதி வைட்டமின் பி1-ஐ அழிக்கும். உறைந்த இறால் துண்டைக் குச்சியில் குத்தி மெல்ல ஆட்டினால் சில நாளில் பழகிவிடும். முதுகு முள்ளில் விஷம் உண்டு. குத்திவிட்டால் 43 முதல் 45 டிகிரி வெந்நீரில், தோல் வெந்துவிடாமல் பார்த்து, கையை 30 முதல் 90 நிமிடம் அமிழ்த்தி வைத்து, மருத்துவரிடம் போங்கள். டிரிகர் மீன், ஸ்நோஃப்ளேக் ஈல் என்ற விலாங்கு, வாலிட்டன்ஸ் என்ற பெரிய லயன்ஃபிஷ் எதுவும் இந்த அளவுத் தொட்டிக்கு ஆகாது, குட்டியாக இருந்தாலும்.

மீனை விடுவதற்கு முன் தொட்டி முதிர்ந்திருக்க வேண்டும். உப்பு லிட்டருக்குச் சுமார் 35 கிராம், அடர்த்தி 1.025, வெப்பம் 25–26 டிகிரி. அம்மோனியம் குளோரைடு போட்டு, கழிவில் வரும் அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியாவை வளர்த்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியம் ஆகும்வரை காத்திருங்கள். நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். இதற்கு டேம்சலை விடும் பழைய வழக்கம் கொடுமையானது, செவுள் வெந்துபோகும். போதாததற்கு அந்த டேம்சலே தொட்டிக்கு முதலாளி ஆகிவிடும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தங்கிவிடும். குறைந்த அளவுக்கு தினமும் உப்பில்லாத ஆர்ஓ தண்ணீரை ஊற்றுங்கள். வாரம் 10 சதவீதம் உப்புநீரை மாற்றினால் போதும்.

பாறைகளை மணல்மேல் வைக்காமல் நேரே அடிக்கண்ணாடியில் உட்கார வைத்துவிட்டு, பிறகு மணலைக் கொட்டுங்கள். மீன் தோண்டினால் சரியாது. மீன்களின் எண்ணிக்கையைவிடக் குகைகள் அதிகம் இருக்கட்டும். மேலே 6 மி.மீ. கண்ணுள்ள வலை கட்டாயம். டாட்டிபேக், ராஸ், ஹாக்ஃபிஷ் மூன்றும் குதிக்கும். குழாய் போகும் ஓரத்து இடைவெளியே போதும்.

எந்த மீனானாலும் உள்ளே விடும் முன் நான்கு வாரம் தனித்தொட்டியில் இருக்கட்டும். பிவிசி குழாய்த் துண்டுகள் மறைவிடமாக இருந்தால் போதும். வெண்புள்ளி நோய் வந்தால் தாமிர மருந்தை அங்கேதான் போட வேண்டும். முதன்மைத் தொட்டியில் போட்டால் பாறை அதை உறிஞ்சிக்கொள்ளும், நத்தையும் இறாலும் செத்துவிடும்.

சாதுவானதை முதலில், முரடனைக் கடைசியில் விடுங்கள். முரடன் ஏற்கெனவே உள்ளே இருந்தால் பாறைகளை மாற்றி அடுக்குங்கள். பழைய எல்லை அதற்குக் குழம்பும். புதியதைத் துளையுள்ள தெளிந்த பெட்டியில் இரண்டு மூன்று நாள் உள்ளேயே தொங்கவிட்டு, விளக்கை அணைத்தபின் திறந்துவிடுங்கள். முதல் நாள் துரத்தல் சகஜம். புதிய மீன் மேல்மூலையில் ஒட்டிக்கொண்டு, துடுப்பு கிழிந்து, இரண்டு நாளாக இரை எடுக்கவில்லை என்றால் இனிச் சரியாகும் என்று காத்திருக்காதீர்கள். இரண்டில் ஒன்றை வெளியே எடுக்க வேண்டும். பாறைகளுக்கு நடுவே வலை உதவாது. ஒரு தண்ணீர் பாட்டிலின் கழுத்தை வெட்டி, தலைகீழாக உள்ளே செருகி, இறால் துண்டு போட்டுக் கிடத்தி வையுங்கள். முதலில் வந்து மாட்டுவது பெரும்பாலும் அந்த முரடன்தான்.