வளைந்த முள்

பள்ளியில் எங்களுக்கு இயற்பியல் எடுத்த சார் காலமான செய்தி குழுவில் வந்தபோது இங்கே நள்ளிரவு. அப்புறம் தூக்கம் வரவில்லை. சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று செயலாளர் மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். எழுத வேண்டியது எது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பன்னிரண்டாம் வகுப்பு, செய்முறை வகுப்பு, கடைசி மேசை. மின்தடையைச் சேர்க்காமல், சிறிய மின்னோட்டத்தை முள் அசைவில் காட்டும் கால்வனாமீட்டரை நேராக பேட்டரியோடு இணைத்துவிட்டேன். முள் ஒரே துள்ளலில் ஓரத்தில் போய் அடித்தது. லேசாக வளைந்து, அங்கேயே நின்றுவிட்டது.

"யார் செஞ்சது?" என்று கேட்டபடி சார் வந்தார். அந்த மேசையில் நாங்கள் இரண்டு பேர். அந்த வருடம் இயற்பியல் பரிசு எனக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரியும். நான் வாய் திறக்கவில்லை.

"நான்தான் சார்" என்றான் பக்கத்தில் நின்றவன்.

இரண்டு வாரம் செய்முறை வகுப்பின்போது அவன் வாசலில் நின்றான். பிறகு ஒரு நாள் சார் பாடத்தை மூடி வைத்துவிட்டு எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்த ராண்ட்ஜனைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நெதர்லாந்தில் படித்தபோது, ஆசிரியரைக் கேலியாக வரைந்த படத்துக்காக அவரைப் பள்ளியை விட்டே அனுப்பிவிட்டார்களாம். வரைந்தது வேறொரு பையன். யார் என்று கேட்டதற்கு ராண்ட்ஜன் சொல்லவில்லை. கையில் பள்ளிச் சான்றிதழ் இல்லை. கடைசியில் சூரிச்சில்தான் படிக்க இடம் கிடைத்தது. 1895இல் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தும் அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. 1901இல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பணத்தை, எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தபோது வேலை பார்த்த ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்தார். பிரபுக்கள் போடும் பட்டத்தைப் பேருக்கு முன்னால் போட்டுக்கொள்ளச் சொன்னபோதும் வேண்டாம் என்றுவிட்டார்.

கதை முடியும்வரை சார் என் பக்கம் திரும்பவே இல்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது என்று அதில்தான் புரிந்தது. முடித்ததும் வாசலில் நின்றவனை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். ஆண்டு விழாவில் பரிசை நான் வாங்கினேன்.

தலைமையாசிரியர் பதவி சாரைத் தேடி இரண்டு முறை வந்தது. ஆய்வகத்தை விட்டுப் போக முடியாது என்று இரண்டு முறையும் மறுத்தார். அப்போது எனக்கு அது விளங்கவில்லை. பிழைக்கத் தெரியாதவர் என்றுகூட நினைத்திருக்கிறேன்.

கடைசியாக ஊருக்குப் போனபோது அவரைப் பார்த்தேன். என் பதவியைச் சொன்னேன், எனக்குக் கீழே எத்தனை பேர் என்று சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிப்பா, உன் வேலையால யாருக்கு என்ன நல்லது நடக்குது?" என்றார். மறுபடியும் பதவியைத்தான் சொன்னேன். அவரும் மறுபடியும் அதையேதான் கேட்டார்.

விமானத்தில் வரும் வழியெல்லாம் அந்தக் கேள்விதான். சில மாதங்களில், புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு வேலை கற்றுக்கொடுக்கும் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். பதவியில் அது ஒரு படி கீழே. தப்பு செய்துவிட்டு முகம் வெளுத்து நிற்கும் பையனிடம் "பரவாயில்லை, என்ன ஆச்சுன்னு சொல்லு" என்று சொல்லும்போது, நான் சரியான இடத்தில் இருக்கிறேன் என்று தோன்றுகிறது. இத்தனை வருடத்தில் வேறெந்த நாற்காலியிலும் அப்படித் தோன்றியதில்லை.

இதை சாரிடம் சொல்லியிருக்கலாம். அடுத்த முறை நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். ஊரிலேயே இருந்திருந்தால் என்றாவது ஒரு மாலை அவர் வீட்டுப் படியேறி, கால்வனாமீட்டரையும் சேர்த்துச் சொல்லியிருப்பேன். இவ்வளவு தூரத்தில் இருந்ததால் தள்ளிப்போடுவது எனக்குச் சுலபமாக இருந்தது.

வாசலில் நின்றவன் இந்த மலரை வருடம் தவறாமல் படிப்பான். இதுவரை ஒரு தடவைகூட அந்தப் பேச்சை எடுத்ததில்லை. அச்சில் பார்த்து அவன் தெரிந்துகொள்ளக் கூடாது. நாளை ஞாயிற்றுக்கிழமை, வீட்டில்தான் இருப்பான். அவனுக்குப் போன் செய்த பிறகுதான் இதைச் செயலாளருக்கு அனுப்புவேன்.