பங்கு யாருக்கு, எதற்கு: ஒரு பயிற்சிக் குழு உருவான விதம்

இணைய விற்பனையைக் கற்றுத்தரும் வகுப்புகளுக்குப் பஞ்சமே இல்லை. அவற்றில் பெரும்பாலானவற்றில், மாணவர் கட்டணம் செலுத்திய கணத்திலேயே ஆசிரியரின் வருமானம் முடிவாகிவிடுகிறது. அதன் பிறகு அந்த மாணவர் ஒரு பொருளையாவது விற்றாரா என்பதால் ஆசிரியருக்கு இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை. அஃபிலியேட் விற்பனையில், அதாவது பிறருடைய பொருளைத் தன் இணைப்பு வழியாக விற்றுக் கமிஷன் பெறும் தொழிலில், சில ஆண்டுகள் பழகிய நாங்கள் சிலர் சேர்ந்து இதற்கு மாறான ஒன்றை அமைக்க முற்பட்டோம். புதியவர்கள் எங்களோடு சேர்ந்து உண்மையான பொருளை உண்மையான வாடிக்கையாளருக்கு விற்றபடியே கற்க வேண்டும். வரும் இலாபத்தில் அவரவர் உழைப்புக்கு ஏற்ற பங்கைப் பெற வேண்டும். திட்டம் இவ்வளவுதான். ஆனால் பாடங்களைத் தயாரிக்கச் செலவான நேரத்தைவிட, எது இலாபம், அதில் யாருக்கு எவ்வளவு என்பதை எழுத்தில் வடிப்பதற்கே எங்களுக்கு அதிக நேரம் பிடித்தது.

தொடக்கத்திலேயே ஒரு வழக்கறிஞரைச் சந்தித்தோம். வரைவை முழுதும் படித்துவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "வெளியாள் ஒருவர்கூட எதையும் வாங்காத மாதத்தில் உங்கள் உறுப்பினர் யாருக்காவது பணம் போகுமா?" போகும் என்றால் அந்தப் பணம் புதிதாகச் சேர்ந்தவரிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று அவர் விளக்கினார். அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 1975-இல் கோஸ்காட் என்ற அழகுசாதன நிறுவனத்தின் வழக்கில் வகுத்த அளவுகோலும் ஏறத்தாழ இதுவே. பொருளை விற்கும் உரிமைக்காகவும், இறுதி நுகர்வோருக்கான விற்பனையோடு தொடர்பற்ற ஆள்சேர்ப்பு வெகுமதிக்காகவும் உறுப்பினர் பணம் கட்டினால், அது பிரமிடு திட்டம். இன்னொரு பக்கம், பணத்தை மட்டும் போட்டுவிட்டுப் பிறருடைய உழைப்பால் வரும் இலாபத்தை எதிர்பார்த்துக் காத்திருந்தால், அந்தப் பங்கு, சட்டக் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்ட முதலீட்டுப் பத்திரமாகிவிடும். 1946-இல் ஹோவி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த விளக்கம் இது. ஆரஞ்சுத் தோட்டத் துண்டுகளை விற்றவர்கள் தொடர்பான வழக்கு, இன்று இணையத் தொழிலில் இருப்பவர்கள் அஞ்சவேண்டிய வழக்காக இருக்கிறது. மூன்றாவது கண்ணி கூட்டாண்மைச் சட்டம். இலாபத்தில் பங்கு பெறுவதே ஒருவர் கூட்டாளி என்பதற்கு முதல்நோக்குச் சான்று என்கிறது 1890-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் கூட்டாண்மைச் சட்டம். எழுத்தில் ஏதும் இல்லாமல் பங்கு பிரித்தால், ஒருவர் வாங்கிய கடனுக்கு மற்றவர்கள் பொறுப்பேற்க நேரலாம்.

எனவே குழுவை வரையறுக்கப்பட்ட பொறுப்புடைய நிறுவனமாகப் பதிவு செய்தோம். சேர்வதற்கான கட்டணம் எந்தப் பங்கையும் வாங்கித் தராது. ஆளைச் சேர்த்தவருக்கு வெகுமதி கிடையாது. உழைக்காதவருக்குப் பங்கு கிடையாது. மென்பொருள் கருவிகளுக்காக உறுப்பினர்கள் செலுத்தும் சந்தா தனிக் கணக்கில் வந்து தனிக் கணக்கிலேயே செலவாகிவிடும். ஆள்சேர்ப்புக்கு வெகுமதி இல்லை என்று தெரிந்ததும் ஆர்வம் காட்டிய பலர் விலகிக்கொண்டார்கள். அவர்கள் வேறொன்றைத் தேடி வந்தவர்கள் என்றே நான் எண்ணுகிறேன்.

அடுத்தது கணக்கு. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பதை எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள். சட்டியில் எவ்வளவு இருக்கிறது என்பதில்தான் சண்டை வரும். நாங்கள் விற்றது சிறு தொழில்முனைவோருக்கான ஒரு டிஜிட்டல் வழிகாட்டித் தொகுப்பு. 100 அலகு பணம் உள்ளே வந்ததாக வைத்துக்கொள்வோம். அதில் 8 அலகு, பணத்தைத் திரும்பக் கேட்டவர்களுக்குப் போயிற்று, 4 கட்டணத்தை வசூலித்துத் தரும் சேவை எடுத்துக்கொண்டது, 35 விளம்பரத்துக்கு, 15 வெளி அஃபிலியேட்டுகளின் கமிஷன், 8 சர்வர், மின்னஞ்சல் சேவை போன்றவற்றுக்கு. எஞ்சியது 30. இதையும் உடனே பிரித்துவிட முடியாது. நாங்கள் அறிவித்திருந்த ரீஃபண்ட் காலம் 30 நாள்தான் என்றாலும், வாடிக்கையாளர் தன் வங்கி வழியாகக் கட்டணத்தை மறுக்கும் சார்ஜ்பேக் உரிமை, அட்டை நிறுவனங்களின் விதிப்படி பல சூழல்களில் 120 நாள் வரை நீள்கிறது. ஆகவே ஒரு மாத விற்பனையின் பங்கை இரண்டு மாதம் கழித்துக் கொடுப்பது, அதிலும் பத்தில் ஒரு பகுதியை ஆறு மாதம் காப்பு நிதியாக நிறுத்திவைப்பது என்று விதித்தோம். தாமதம் பற்றி முணுமுணுப்பு எழுந்தபோது, அமேசானின் அஃபிலியேட் திட்டமே மாதம் முடிந்து ஏறத்தாழ 60 நாள் கழித்துத்தான் பணம் தருகிறது என்பதைச் சுட்டிக்காட்டினோம். இத்தொழிலில் இருப்பவர்களுக்கு அது பழகிய கதைதான்.

உண்மையான சிக்கல் பங்கீட்டில் இருந்தது. கடைசியாக எந்த இணைப்பைச் சொடுக்கி வாடிக்கையாளர் வாங்கினாரோ, அந்த இணைப்புக்கு உரியவருக்கே முழுப் பெருமையும் என்பது இத்துறையின் வழக்கம். கண்காணிப்புக் கருவிகளுக்கு அதுவே எளிது. ஆனால் அந்த இணைப்பு காட்டுவது உழைப்பின் ஒரு நுனியை மட்டும்தான். எங்கள் தொகுப்பு விற்ற ஒரு வாரத்தை எடுத்துக்கொள்கிறேன். விற்பனைப் பக்கத்தை எழுதியவர் ஒருவர். விளம்பரம் கொடுத்து ஆட்களை அந்தப் பக்கத்துக்கு அழைத்துவந்தவர் இன்னொருவர். வாங்காமல் போனவர்களுக்கு மூன்றாம் நாள் நினைவூட்டல் மின்னஞ்சல் அனுப்பியவர் வேறொருவர். கடைசிச் சொடுக்கு பெரும்பாலும் அந்த மின்னஞ்சலில்தான் விழுந்தது. கணக்கை அப்படியே ஏற்றால் அவருக்கே எல்லாம் போய்விடும். இவர்கள் யாருடைய இணைப்பிலும் தென்படாத நான்காமவர் ஒருவரும் இருந்தார். கோப்பு திறக்கவில்லை, கடவுச்சொல் வரவில்லை என்று எழுதியவர்களுக்குப் பொறுமையாகப் பதில் சொன்னவர் அவர். "பணத்தைத் திருப்பித் தாருங்கள்" என்று தொடங்கிய ஒரு வாடிக்கையாளர், அவர் படிப்படியாக வழிகாட்டிய பிறகு அடுத்த தொகுப்பு எப்போது வரும் என்று கேட்டு உரையாடலை முடித்ததை நான் பார்த்தேன். அவருடைய வேலை விற்பனைப் பத்தியில் பதிவாகாது. ரீஃபண்ட் பத்தியில் பதிவாகாத எண்ணாக மட்டுமே இருக்கும்.

யார் எந்த இணைப்பு வழியாக வந்தார் என்பதை உலாவியில் குறித்துவைக்கும் குக்கீகளின் ஆயுளும் குறைவுதான். அமேசானில் அஃபிலியேட் சொடுக்குக்குப் பொதுவாக 24 மணி நேரமே மதிப்பு. சஃபாரி உலாவி, ஸ்கிரிப்டுகள் பதிக்கும் குக்கீகளுக்கு 2019 முதல் ஏழு நாள் வரம்பு வைத்திருக்கிறது. கருவி சொல்வதை மட்டும் நம்பிப் பங்கிட்டால், உலாவி நிறுவனங்களின் கொள்கையே எங்கள் சம்பளப் பட்டியலைத் தீர்மானிக்கும்.

முடிவில் எங்களுக்குக் கைகொடுத்தது பழைய கூட்டுறவுச் சிந்தனை. 1844-இல் ராச்டேல் நகரத்து நெசவாளர்களும் பிற கைவினைஞர்களும் சேர்ந்து தொடங்கிய கடையில், உபரி போட்ட முதலுக்கு ஏற்ப அல்லாமல், கடையோடு ஒவ்வொருவரும் வைத்திருந்த கொள்முதல் அளவுக்கு ஏற்பப் பிரிக்கப்பட்டது. நாங்கள் கொள்முதலின் இடத்தில் உழைப்பை வைத்தோம். இலாபத்தில் 40 விழுக்காடு பொருளையும் பக்கத்தையும் உருவாக்கியவர்களுக்கு. 40 விழுக்காடு வாடிக்கையாளரை அழைத்து வந்தவர்களுக்கு, அதுவும் முதல் சொடுக்குக்குப் பாதி, கடைசிச் சொடுக்குக்குப் பாதி. 20 விழுக்காடு வாடிக்கையாளர் சேவைக்கும் பயிற்சி கொடுத்தவர்களுக்கும். ஒவ்வொரு விற்பனைத் திட்டமும் தொடங்குமுன் யார் எந்தப் பிரிவில் வருகிறார் என்பது ஒரு பக்க ஒப்பந்தமாகக் கையெழுத்தாகும். இந்த விகிதம் நியாயத்தின் கடைசி வார்த்தை என்று நான் வாதிட மாட்டேன். பணம் வருவதற்கு முன்பே எல்லாரும் ஒப்புக்கொண்டது என்பதே அதன் வலிமை.

பயிற்சி இந்த வேலையின் ஊடாகவே நடந்தது. புதியவர் எழுதிய இரண்டு மின்னஞ்சல் தலைப்புகளைத் தலா 200 பேருக்கு அனுப்பினோம். ஒன்றுக்கு 4 சொடுக்கு, மற்றொன்றுக்கு 6. இரண்டாவது தலைப்பு ஐம்பது விழுக்காடு சிறந்தது என்று அவர் மகிழ்ந்தார். ஒரே ஒரு ஆள் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் மாறியிருந்தால் இரண்டும் சமமாகியிருக்கும் என்று காட்டியபோது அவர் நெடுநேரம் அந்த எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். புள்ளியியலைப் பாடமாக நடத்தியிருந்தால் இது மனத்தில் பதிந்திருக்காது. தன் பங்கு அதில் அடங்கியிருந்ததால் பதிந்தது.

பங்கு பொதுவானால் இடரும் பொதுவாகிவிடும். 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாகூவும் மொத்தமாக மின்னஞ்சல் அனுப்புவோருக்கு விதிகளைக் கடுமையாக்கின. ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் அனுப்புவோர் அனுப்புநர் உண்மையானவர்தானா என்று சரிபார்க்க உதவும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று அங்கீகாரங்களையும் வைத்திருக்க வேண்டும், ஒரே சொடுக்கில் விலகும் வசதி தர வேண்டும், ஸ்பேம் புகார் விகிதம் 0.3 விழுக்காட்டை எட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆர்வக்கோளாறில் ஒருவர் விலைக்கு வாங்கிய பட்டியலுக்கு அனுப்பினால் அத்தனை பேருடைய மின்னஞ்சலும் குப்பைக் கூடைக்குப் போகும். பயிலுநர்களுக்குத் தனி டொமைனை ஒதுக்கினோம். பழகியபின்தான் முதன்மை டொமைனில் அனுப்ப அனுமதி. வருமானத் திரைப்பிடிப்புகளை விளம்பரத்தில் காட்டுவதைத் தடைசெய்தோம். பொருளைப் பரிந்துரைக்கும் உறுப்பினர் தனக்கு அதில் பங்கு உண்டு என்பதை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும் என்பதும் விதி.

கணக்கேட்டை உறுப்பினர் அனைவரும் எந்நேரமும் பார்க்கலாம், ஆனால் இருவர் மட்டுமே திருத்தலாம். முதல் பங்கீட்டுப் பட்டியல் வெளியானபோது தொகைகள் சிறியவைதான். கேள்விகள் பெரும்பாலும் விளம்பரச் செலவைப் பற்றியே வந்தன. அதன் விளைவாக, முன் ஒப்புதல் இல்லாத விளம்பரச் செலவு இலாபக் கணக்கில் கழிக்கப்படாது என்ற விதி சேர்ந்தது.

விலகுவோர் பற்றிய விதிதான் இன்னும் விவாதத்தில் இருக்கிறது. விலகியவர் உருவாக்கிய பக்கம் தொடர்ந்து விற்பனை தருமானால் ஆறு மாதம் அவருக்குப் பங்கு உண்டு, வாடிக்கையாளர் பட்டியல் மட்டும் குழுவுக்கே உரியது என்று இப்போதைக்கு வைத்திருக்கிறோம். ஆறு மாதம் போதாது என்பது எழுதுபவர்களின் வாதம். அந்தப் பக்கத்தைத் தொடர்ந்து திருத்திப் பராமரிப்பவர்களோ, மூன்று மாதமே அதிகம் என்கிறார்கள். அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் இது வாக்கெடுப்புக்கு வருகிறது. எப்படி முடிவானாலும், அன்றைய தேதிக்குப் பிறகு தொடங்கும் திட்டங்களுக்கு மட்டுமே அது பொருந்தும்.